நீல அட்டைப் புத்தகத்தின் இரண்டாம் பக்கம்

கண்ணைத் திறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு அந்த நர்ஸம்மா அடுத்த ஆளிடம் போய்விட்டாள். போகிறவளுக்கு என்ன, இரண்டு சொட்டு ஊற்றுவது அவள் வேலை, ஊற்றிய பிறகு மூடிய இமைக்குள் ஒரு மனுஷன் என்ன பாடு படுகிறான் என்று நின்று பார்க்க அவளுக்கு நேரம் ஏது. பால்வண்ணம் பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எரிச்சல் முதலில் கண்ணில் இருந்தது, பிறகு மூக்கின் அடிக்கு இறங்கித் தொண்டையில் கசந்தது. மடியில் புத்தகம். ஆள்காட்டி விரல் அதன் இரண்டாம் பக்கத்துக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தது, எடுக்க மனசு வரவில்லை. இவள் வருகிற நேரமா அது? இன்னும் நாலு வரிக்கு விட்டிருந்தால் படித்து முடித்திருப்பார். முதல் காரணம் என்று போட்டிருந்தது. முதல் காரணம் என்ன என்று பார்ப்பதற்குள் தலையைப் பின்னால் சாய்த்து, இமையை விரலால் பிரித்து, ஊற்றிவிட்டாள். ஆஸ்பத்திரிக் கூடம் முழுக்க ஆட்கள், எல்லாரும் மேற்கூரையைப் பார்த்த முகத்தோடு கண்ணை மூடி வரிசையாக உட்கார்ந்திருப்பதை மருந்து ஊற்றுமுன் பார்த்திருந்தார், இப்போது தானும் அதில் ஒரு முகம். வலது பக்கத்தில் மனைவி ஆவுடை இருக்கிறாள், அவள் பையைத் திறந்து மூடும் சத்தம் கேட்கிறது. இனி டாக்டரம்மா கூப்பிட வேண்டியதுதான் பாக்கி. கூப்பிட்டு, கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்து, பார்வை இருக்கிறதா போய்விட்டதா என்று சொல்லிவிடுவாள். அதை நினைத்ததும் அவர் அவசரமாகப் புத்தகத்துக்குத் திரும்பினார், முதல் காரணம், முதல் காரணம் என்னவாக இருக்கும்.

மொத்தம் ஏழு புத்தகம். கோயில் பக்கத்துக் கடை ஒன்றை மூடியபோது கட்டாக வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். அப்போது கல்யாணமான புதுசு, தாலுகா ஆபீஸில் வேலை நிரந்தரமான புதுசு, உலகத்தையே படித்துக் கரைத்துக் குடித்துவிடலாம் என்று இருந்த புதுசு. ஒன்று கிரேக்க தேசத்துச் சமாச்சாரம், ஒன்று சீனத்துக்காரர் எழுதியது, மற்றதெல்லாம் நம்மூர்த் தத்துவம், பழைய உரைநடை, கனத்த தாள். பெரிய பெரிய ஞானிகள் எல்லாரும் வீட்டுக்கு வந்து அலமாரியில் உட்கார்ந்துகொண்டார்கள். படிக்க வேண்டியதுதான் பாக்கி. மகள் பிறந்திருக்கிறாள், கொஞ்சம் வளரட்டும். மகள் பள்ளிக்கூடம் போகிறாள், இப்போது இவர் விளையாட்டுக்குப் படித்தால் அவள் படிப்பு கெடும். கல்யாணம் முடியட்டும். ரிட்டயர் ஆகட்டும். ரிட்டயரும் ஆயிற்று, பேப்பர் படிக்கவே மத்தியானம் ஆகிவிடுகிறது. ஆனாலும் அந்தப் புத்தகங்களை அவர் அனாதையாக விட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்கு அவற்றைத்தான் இறக்கித் தூசி தட்டி அடுக்குவார். வேறு எதை வைப்பது? பஞ்சாங்கத்தையும் ரேஷன் கார்டையுமா? ஏழும் மனைப்பலகையில் ஏறி, சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்டு, பட்டுத்துணி போர்த்தி ஜம்மென்று இருக்கும். அன்றைக்குத் தொடக்கூடாது. மறுநாள் பூஜை முடித்து, மேலே இருக்கிற புத்தகத்தை எடுத்து ஒரு பக்கமாவது வாசித்தால்தான் வாணிக்கு மரியாதை. மேலே இருப்பது எப்போதும் நீல அட்டை. அட்டையில் தாமரைப் படம் இருந்ததால் ஆவுடை அதைத்தான் மேலே வைப்பாள். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதல் பக்கத்தை உரக்க வாசிப்பார். பக்கத்தின் கடைசி வார்த்தையும் ஆவுடை அடுப்படியிலிருந்து சுண்டல் ஆயிடுச்சு என்று கூப்பிடுவதும் ஒரே நேரத்துக்கு வரும். புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்துவிடுவார். முப்பது வருஷத்துக்கு மேலாக இதுதான் நடந்திருக்கிறது. முதல் பக்கம் தலைகீழ்ப் பாடம். இரண்டாம் பக்கத்தை இன்று காலை இந்தக் கூடத்தில்தான், நேரம் போகாமல், முதல் முறையாகப் புரட்டினார்.

வருவது வந்தே தீரும். வருவதை முன்னறிந்தவன் அதை இருமுறை படுகிறான், அறியாதவன் ஒருமுறையே படுகிறான். ஆதலின் அறிவுடையோன் நாளையைத் தோண்டிப் பாரான், தன் சித்தம் கலங்காது இருப்பான். இதுதான் முதல் பக்கத்தின் சாரம். என்ன அழகான பேச்சு! இந்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு பால்வண்ணம் பிள்ளை தாலுகா ஆபீஸையே ஆண்டார் என்று சொல்ல வேண்டும். மாறுதல் உத்தரவு வருகிற மாதத்தில் எல்லாரும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு சென்னைக்குப் போன் போட்டு விசாரிப்பார்கள், இவர் மட்டும் டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டு, முன்னால தெரிஞ்சா ரெண்டு தடவை கஷ்டம், தெரியாட்டா ஒரு தடவை என்பார். தத்துவப் பிள்ளை என்று பேர் வைத்தார்கள், கேலியா மரியாதையா என்று அவர் கிளறிப் பார்க்கவில்லை, அதுவும் புத்தகம் சொன்னபடிதான். சாவு விழுந்த துஷ்டி வீடுகளில் இவரைத் தேடுவார்கள். முன்னாடியே தெரிஞ்சிருந்தா காப்பாத்திருப்பேனே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுத ஒருவரிடம் இதைச் சொன்னபோது அந்த ஆள் அழுகையை நிறுத்தி, இவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பொய்யான பேச்சாக இருந்தால் அப்படி ஆறுதல் கிடைக்குமா? கிடைத்ததே. கண்ணெதிரே பார்த்தாரே. வீட்டிலும் அதேதான் சட்டம். மகள் மங்கை பரீட்சை முடிவு வரும் நாளில் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தால் அவளை உட்கார வைத்து முதல் பக்கத்தைச் சொல்வார். ஆவுடை இரவில் புரண்டு புரண்டு படுத்தால் என்ன என்று கேட்பார், ஒண்ணுமில்லங்க என்பாள், அப்பாடா என்று திரும்பிப் படுத்துவிடுவார். அந்த வீட்டில் உப்பு புளியைவிட அதிகம் செலவான பண்டம் அந்த ஒண்ணுமில்லைதான், இப்போது நினைத்தால் அப்படித்தான் தோன்றுகிறது, ஏன் இப்போது அதை நினைக்க வேண்டும்.

இரண்டாம் பக்கம் எப்படித் தொடங்கியது? கண்ணை மூடிக்கொண்டே மறுபடி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். மேலே சொன்னவை யாவும் பூர்வபட்சம். அதாவது எதிராளியின் வாதம். அது பொருந்தாது என்பதை இனிக் காட்டுவோம். முதல் காரணம். அவ்வளவுதான், மருந்து வந்துவிட்டது. பழைய சாத்திரக்காரர்களின் வழக்கம் அவருக்குத் தெரியாதது இல்லை. எதிராளி சொல்வதை முதலில் அவனைவிட அழகாகத் தானே சொல்லி நிறுத்திவிட்டு, பிறகு ஒவ்வொரு கல்லாகப் பிடுங்குவார்கள். மேடைப் பிரசங்கத்தில் எத்தனை தடவை கேட்டிருக்கிறார். தெரிந்திருந்தும் தன் வீட்டுப் பலகையில் இருந்த புத்தகத்தில் தோன்றவில்லையே. முப்பது வருஷமாக எதிராளியின் வாதத்துக்குச் சந்தனம் வைத்துக் கும்பிட்டு, அதையே ஊரெல்லாம் விநியோகித்து, அதன்படியே வாழ்ந்தும் ஆயிற்று. ஆத்தாடி. சிரிப்பு வந்தது, சிரித்தால் கண் எரிந்தது. சரி, பொருந்தாது என்கிறான் எழுதினவன், ஏன் பொருந்தாது? காரணத்தைச் சொல்லாமல் தவறு என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு மனுஷனை அந்தரத்தில் விடலாமா? காரணம் இங்கேதான், விரலுக்கு அடியில் இருக்கிறது. தொட்டுக்கொண்டிருக்கிறார். தாளின் சொரசொரப்புத் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை.

"ஏளா ஆவுடை."

"என்னங்க, எரியுதா?"

"எரியட்டும். இந்தப் பக்கத்தை வாசி. மேல இருந்து மூணாவது வரியோ நாலாவது வரியோ. முதல் காரணம்னு இருக்கும் பாரு."

அவள் புத்தகத்தை வாங்கிக்கொள்வதும், கையை நீட்டித் தூரத்தில் பிடிப்பதும், பிறகு கிட்டே கொண்டுவருவதும் துணிச் சத்தத்திலேயே தெரிந்தது.

"எறும்பு ஊருத மாதிரி இருக்கு. கண்ணாடியை டி.வி. மேலேயே வச்சிட்டு வந்துட்டேன்."

"முதல் காரணம்ங்கிறது தெரியுதா?"

"முதல் காரணம்னு தெரியுது. அதுக்கப்புறம் அ... அதுவும் அ தானா? விடுங்க. வீட்டுல போயி வாசிக்கேன். இப்ப இதுக்கு என்ன அவசரம்? ஆஸ்பத்திரிக்கு வந்த இடத்துல."

பக்கத்து ஆளிடம் கேட்கலாமா என்று நினைத்தார், பக்கத்து ஆளும் மூடிய கண்காரர். இந்தக் கூடத்தில் இத்தனை பேர் இருந்தும் ஒரு வரி வாசிக்க ஒரு நாதி இல்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சகலபாடி இருந்தால் சொல்லியிருப்பார், அவருக்கு இந்த மாதிரிச் சமயத்துக்கென்றே வாய் ஊறும். கெட்டுவிட்டதா? இன்னும் கெடவில்லை, அதைத்தானே சொல்லப்போகிறார்கள். காலையில் பக்கப் பார்வையைச் சோதிக்கிற மிஷினின் வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அமுக்குங்கள் என்றார்கள். புள்ளி வந்தது, அமுக்கினார். வந்தது, அமுக்கினார். அப்புறம் வரவே இல்லை. வராமல் இருக்குமா, வருகிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று புரிந்ததும் உள்ளங்கை வேர்த்தது. அதற்கப்புறம் அவர் செய்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தெரியாதபோதும் குத்துமதிப்பாக அமுக்கினார். பரீட்சையில் காப்பியடிக்கிறவன் மாதிரி. ஐயா, தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க, மிஷின் கண்டுபிடிச்சிரும் என்றாள் சோதனை செய்த பெண், தன்மையாகத்தான் சொன்னாள், அறுபத்தைந்து வயது மனுஷனுக்குக் காது சூடாகிவிட்டது. யாரை ஏமாற்ற அமுக்கினார்? மிஷினையா? டாக்டரம்மாவையா? தெரிந்துகொள்ளாமல் இருந்தால் ஒரு தடவைதானே கஷ்டம். அதற்காக அமுக்கினார். முதல் பக்கம் விரல் நுனி வரைக்கும் இறங்கியிருக்கிறது.

மறுபடியும் ஒரு கை நெற்றியைத் தொட்டது, இன்னொரு தடவை விடணும் ஐயா என்றது, சொட்டு விழுந்தது. மறுபடி கசப்பு. இது எப்போது தொடங்கியது என்று டாக்டரம்மா கேட்பாள். என்ன சொல்வது? வலது பக்கத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிட ஆரம்பித்தபோதா? ஆவுடையை, கண்ட இடத்திலெல்லாம் டம்ளரை வைக்கியே என்று வைதார். நிலைப்படியில் தோள் இடித்ததும் வீட்டைக் கட்டிய கொத்தனாரை வைதார். இரண்டு வருஷத்துக்கு முன் கண்ணாடிக்கடைக்காரர், கண்ணாடி மாத்தி இது சரியாகாது சார், பெரிய டாக்டர்ட்ட காட்டிருங்க, உள்ள நரம்புல ஏதோ இருக்கு என்றார். அன்றைக்கு அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கலாம். வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்தார். அப்பாவுக்கும் கடைசிக் காலத்தில் இப்படித்தான். சுவரைத் தடவித் தடவிக் கொல்லைக்குப் போவார், வயசானா அப்படித்தான் என்றார்கள், அப்பாவும் அப்படித்தான் என்றார். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன செய்திருக்க முடியும், அந்தக் காலத்தில் என்ன மருந்து இருந்தது, அப்படியானால் அப்பா விஷயத்தில் முதல் பக்கம்தானே சரி. இவர் விஷயத்தில் மட்டும் எப்படித் தவறாகும்? மருந்து இருப்பதாலா? மருந்தைப் பற்றி அந்தப் பழங்காலத்து ஆளுக்கு என்ன தெரியும், அவன் சொல்லும் முதல் காரணம் மருந்தாக இருக்காது. வேறு ஏதோ. அறிந்தால் தயாராகலாம் என்பானோ? தயாராகி என்ன, குருட்டுத்தனத்துக்கு ஒத்திகையா பார்ப்பது? அறிவே இன்பம் என்பானோ? இதைச் சொல்ல ஒரு புத்தகம் வேண்டுமா? ஒவ்வொரு காரணமாக எடுத்துப் பார்த்தார், சொத்தை சொத்தையாக இருந்தது, கீழே போட்டார். ஆவுடை ஏன் எப்போதும் வலது பக்கமே உட்காருகிறாள்? பஸ்ஸில் வலது பக்கம். கோயிலில் வலது பக்கம். ரோட்டில் நடந்தால் வலது பக்கம், சைக்கிள்காரன் மணியடித்தால் அவள் முழங்கை லேசாக இவரைத் தள்ளும். முன்பெல்லாம் அவள் அப்படி இல்லை, இரண்டடி பின்னால் வருவாள். எவ்வளவு நாளாக? கண்ணை மூடிக்கொண்டு இருக்கும்போதுதான் இது தெரிகிறது. அவளுக்குத் தெரியும். இவர் வாய் திறக்குமுன்பே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? கேட்டால் என்ன சொல்லியிருப்பார், முதல் பக்கத்தைச் சொல்லியிருப்பார்.

போய்விடலாமா என்று தோன்றியது. எழுந்து, ஆவுடை, வா, இன்னொரு நாள் பாத்துக்கிடலாம் என்று சொன்னால் அவள் வந்துவிடுவாள். எதிர்த்துப் பேச மாட்டாள். வெளியே ஆட்டோ நிற்கும். வீட்டுக்குப் போனால் மருந்தின் வேகம் சாயங்காலம் இறங்கிவிடும், ஜன்னல் பக்கம் உட்கார்ந்து இரண்டாம் பக்கத்தைப் படித்துவிடலாம். அதற்குக் கண் இருக்கிறது. இன்றைக்கு இருக்கிறது. இன்னும் எத்தனை பக்கத்துக்கு இருக்கும்? ஏழு புத்தகத்துக்கும் வருமா, நீல அட்டைக்காவது வருமா? வராது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டால் அப்புறம் ஒவ்வொரு வரியையும் இது கடைசியோ இது கடைசியோ என்று படிக்க வேண்டியிருக்கும், அப்படிப் படித்தால் எது மண்டையில் ஏறும்? சொல்லாமலே இருந்தால் நிம்மதியாக ஒரு புத்தகமாவது முடிக்கலாம். பார், எவ்வளவு பலமான வாதம். எதிராளி என்றால் சும்மாவா. கால் பெருவிரல் செருப்பைத் தேடியது. ஒரு செருப்பு கிடைத்தது. இன்னொன்று வலது பக்கம் எங்கேயோ போயிருந்தது. குனிந்து தேடவும் முடியாது, கண்ணைத் திறக்கக் கூடாது. அப்போது பெயரைக் கூப்பிட்டார்கள். பால்வண்ணம் சார் யாருங்க, பால்வண்ணம். அவர் கால் இன்னும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது. இரண்டாம் தடவையும் கூப்பிட்டார்கள். மூன்றாம் தடவைக்கு முன் ஆவுடையின் கை அவர் பாதத்தைப் பிடித்துச் செருப்புக்குள் நுழைத்தது. "போவமா?" என்று கேட்டாள். கேட்டாள், வாங்க என்று இழுக்கவில்லை, அதுதான் அவரைப் படுத்தியது. போவோம் என்றார்.

டாக்டரம்மாவின் குரல் வயசில் சின்னதாக இருந்தது. தாடையை இங்க வைங்க, நேரா பாருங்க, மேல, கீழ. வெளிச்சம் மூளை வரைக்கும் போய்க் குடைந்தது. அவள் பார்த்து முடிப்பதற்குள் அவர் முதல் பக்கம் முழுவதையும் ஒருமுறை மனசுக்குள் சொல்லி முடித்துவிட்டார்.

"கண்ணுல அழுத்தம் ரொம்ப நாளா இருந்திருக்கு ஐயா. வலது கண்ணுல பெரும்பகுதி போயிருச்சு. போனதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. இடது கண்ணுல நடுப்பகுதி நல்லா இருக்கு. அதைக் காப்பாத்தலாம். தினமும் சொட்டு மருந்து விடணும், ஒரு நாள்கூடத் தவறக்கூடாது."

"காப்பாத்திரலாமா?"

"பெரும்பாலும். உறுதி சொல்ல மாட்டேன். முன்னாலயே வந்திருந்தா ரெண்டையும் காப்பாத்திருக்கலாம்."

"வாசிக்கலாமா?"

"தாராளமா. வாசிக்கிறதால ஒண்ணும் கெடாது. உங்க வீட்டுல வேற யாருக்காவது இப்படி உண்டா?"

அப்பா என்றார். சொல்லும்போதே அப்பாவின் கை சுவரில் ஊர்ந்து போவது தெரிந்தது. அப்படின்னா உங்க பிள்ளைங்களும் காட்டணும் ஐயா, அறிகுறியே இருக்காது, தெரியும்போது பாதி போயிருக்கும் என்றாள் டாக்டரம்மா. மங்கை அடிக்கடி தலைவலி என்று போனில் சொல்வாள். அப்பாவிடம் சொன்னால் பாடம் நடத்துவார் என்று அம்மாவிடம் சொல்வாள். அது கண்ணாக இருக்க வேண்டும் என்று இல்லை. இல்லாமல் இருக்க வேண்டும் என்றும் இல்லை. கோபமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை, கிடைத்தால் அந்தப் புத்தகத்தின் எதிராளியைச் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பார்.

வெளி வாசலில் வெயில் முகத்தில் அடித்தது. விரிந்த கண்மணிக்குள் எல்லாமே வெள்ளை, ரோடும் மரமும் ஆட்களும் ஒரே வெள்ளையில் கரைந்திருந்தன. படியில் ஆவுடையின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மங்கைக்கு இப்பவே போன் போடு. நாளைக்கே கண்ணைக் காட்டணும்னு சொல்லு. காரணம் கேட்டா எல்லாத்தையும் சொல்லு, மறைக்காத. நான்தான் சொன்னேன்னு சொல்லு. இனிமே நம்ம வீட்டுல யாரும் எதையும் உள்ள வச்சிக்கிட வேண்டாம். போதும்."

அவர் கைக்குள் இருந்த தோள் மெல்ல இறங்கியது, அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

"என்ன செய்யுது?"

"அப்ப நானும் ஒண்ணு சொல்லணும்," என்றாள். "மாசியில இருந்து மார்ல ஒரு கட்டி இருக்கு. வலி ஒண்ணும் இல்ல. முதல்ல பட்டாணி அளவுதான் இருந்துச்சு."

"இப்ப?"

அவர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெளிச்சக் கலங்கல் இருந்தது, எவ்வளவு கிட்டே போயும் அதில் கண் எது வாய் எது என்று பிரியவில்லை.

"எந்தப் பக்கம்?" என்றார்.

"இடது."

"யார்ட்டயும் சொல்லலையா? மங்கைட்டகூடவா?"

"உங்கட்டயே சொல்லல. வருதது வந்துதான் தீரும், முன்னால தெரிஞ்சா ரெண்டு தடவை கஷ்டம்பிய. உங்களுக்கு எதுக்கு ரெண்டு தடவைன்னு விட்டுட்டேன்."

வந்தது அழுகையா என்று தெரியவில்லை, கண் ஏற்கெனவே மருந்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. கையை நீட்டினார், அவள் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எதிரே ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார், வீட்டுக்கா ஐயா என்றார்.

"இல்ல. பெரியாஸ்பத்திரிக்குப் போங்க."

"இன்னைக்கேவா?" என்றாள் ஆவுடை. "உங்களுக்குக் கண்ணே தெரியல. மத்தியானம் ஆச்சு, டாக்டர் இருப்பாகளோ மாட்டாகளோ."

"இருக்கிறவர்ட்டக் காட்டுவோம். நீ ஏறு."

ஏறினாள். அவர் கம்பியைத் தடவிப் பிடித்து, அவளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வண்டி குலுங்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தது. மாசியில் முதல் முதலாக எப்போது கவனித்தாய், எப்படி இருந்தது, ஒன்று விடாமல் சொல் என்றார். ஆவுடை, குளிக்கும்போது என்று சொல்ல ஆரம்பித்தாள். ஆட்டோ சத்தத்தில் பாதி கேட்கவில்லை. அவர் காதை அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.